கார்புரேட்டரைப் படம் போட்டது போதும்!



"எளிய கார்புரேட்டரின் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, செயல்படும் விதத்தை விளக்குக." இந்தக் கேள்விக்கு அஞ்சுகிற மாணவன் நம்மில் யாருமில்லை. ஸ்கேல் வைத்து ஒரு மிதவை அறை, அதற்குள் ஒரு மிதவை, பக்கத்தில் இடுப்பு சிறுத்த ஒரு குழாய், நடுவில் ஜெட், கீழே சாய்வாக ஒரு கோடு போட்டால் அது திராட்டில். அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினால் மார்க் நிச்சயம். என் ரெக்கார்டு நோட்டிலும் அந்தப் படம் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடரின் பானெட்டைத் தூக்கிவிட்டு, "இந்தா தம்பி, இதைக் கொஞ்சம் செட் பண்ணு" என்று ஒருவர் ஸ்பேனரை நீட்டினால் நம்மில் எத்தனை பேர் கை நீட்டுவோம்? நம் லேபில் ஒரு கார்புரேட்டர் இருக்கிறது. பாதியாக வெட்டி, சிவப்பும் நீலமும் பெயின்ட் அடித்து, ஸ்டாண்டில் நிற்க வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு. அதில் ஒரு சொட்டு பெட்ரோல் பட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ!

உடனே ஒரு பதில் வரும் என்று தெரியும். "போடா, எல்லாம் எஃப்.ஐ. ஆயாச்சு, அடுத்தது எலக்ட்ரிக். செத்துப் போன சாமானுக்கு ஏன் ஒப்பாரி?" சொல்வதில் பாதி உண்மை. 2000-ஐ ஒட்டி மாசு விதிகள் இறுகியபோது புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் புது இருசக்கர வண்டிகளிலிருந்தும் கழன்றுகொண்டது. ஆனால் காலேஜ் கேட்டைத் தாண்டி ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். 2020-க்கு முந்திய ஸ்ப்ளெண்டர் எத்தனை போகிறது! நெல் மூட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு போகிற பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இருப்பது என்ன? குறுவைக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் முதுகில் ஏறி உட்கார்ந்து கத்துகிறதே, அதற்குள் இருப்பது என்ன? புதுசாய்ச் செய்வது நின்றதே தவிர, ஓடுவது நிற்கவில்லை. தவிரவும், நான் சொல்ல வந்தது வேறு.

பழையதெல்லாம் பொன் என்கிற கட்சி இல்லை நான். அம்பாசடர் பெட்ரோலைக் குடிக்கிற குடிக்கு அதைப் புகழ எனக்கு மனசு வராது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் செய்ய ஆரம்பித்து, 2014-இல் நிறுத்தினார்கள். மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. இருந்தும், கலவை என்றால் என்ன, ரிச் என்றால் என்ன, லீன் என்றால் என்ன என்பதைக் கையால் தொட்டுப் படிக்க அந்தக் காரின் கார்புரேட்டரைப் போல ஒரு வாத்தியார் கிடையாது. எஃப்.ஐ. வண்டியில் ஈ.சி.யு. உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. ஸ்கேனர் மாட்டினால் எண் தெரியும். கார்புரேட்டரில் கணக்கே கண்ணுக்குத் தெரியும்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய பெட்ரோல் அம்பாசடர்களில் இருந்தது எஸ்.யூ. கார்புரேட்டர். (டாக்சி ஸ்டாண்டில் நின்றவற்றில் டீசல் வண்டிகள் நிறைய, அவற்றில் கார்புரேட்டரே இல்லை.) பாடப்புத்தகத்துக் கார்புரேட்டருக்கு இடுப்பு ஒரே அளவு. எஸ்.யூ.வுக்கு இடுப்பு விரியும், சுருங்கும். மேலே குல்லா கவிழ்த்த மாதிரி ஓர் உறிஞ்சு அறை, அதற்குள் ஒரு பிஸ்டன். எஞ்சின் அதிகம் காற்று கேட்டால் பிஸ்டன் தானே மேலே ஏறி வழி விடும், குறைந்தால் இறங்கும். பிஸ்டனின் அடியில் முனை சிறுத்த ஓர் ஊசி, ஜெட்டின் துளைக்குள் நிற்கிறது. பிஸ்டன் ஏறினால் ஊசியும் ஏறும், ஊசியைச் சுற்றி இடைவெளி கூடும், பெட்ரோலும் கூட வரும். காற்றுக்குத் தக்க பெட்ரோல், அவ்வளவுதான்.

எங்க ஊர் பாபநாசம் பக்கம். அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். குடமுருட்டித் தண்ணீர் வாய்க்காலில் வரும் வேகத்தைப் பார்த்து, மடையில் ஒரு வெட்டு மண்ணை எடுப்பார், அல்லது போடுவார். அந்த மடை, தண்ணீர் வரத்தைப் பார்த்துத் தானே திறந்து தானே மூடிக்கொண்டால் எப்படி இருக்கும்? அதுதான் எஸ்.யூ. இதை வீட்டில் சொன்னபோது அப்பா, "அப்ப நான் எதுக்கு?" என்று சிரித்தார். என் பாடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

இதைக் கண்டுபிடித்தவர் எந்தக் கார் கம்பெனி எஞ்சினியரும் இல்லை. ஸ்கின்னர் என்கிற குடும்பம், லண்டனில் செருப்பு, பூட்ஸ் வியாபாரம். அந்த வீட்டு மூத்த பிள்ளை 1900-களின் தொடக்கத்தில் இதை யோசித்தபோது, பிஸ்டன் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தது தோல் துருத்தி! கடையில் கையோடு கிடைத்தது தோல்தானே. எஸ்.யூ. என்பதில் எஸ். ஸ்கின்னர், யூ. யூனியன். துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்தது பிறகு. இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் புத்தகத்தில் இதற்கு இடமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் ஒரு பட்டறை. சனி, ஞாயிறு நான் அங்கே போகிறேன். மேஸ்திரிக்கு அறுபது தாண்டியாச்சு. பள்ளிக்கூடத்தில் இரண்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். அவர் கையில் கார்புரேட்டர் இருக்கும்போது பார்க்க வேண்டும்.

வண்டி வந்ததும் கார்புரேட்டர் மேல் கை வைக்க மாட்டார். "அதைக் கடைசியா தொடணும் தம்பி" என்பார். முதலில் டேப்பெட், பிறகு காண்டாக்ட் பாயின்ட்டில் 15 தௌ இடைவெளி, பிளக், டைமிங். பிளக்கைக் கழற்றி மூக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார். கரி மாதிரி கறுத்திருந்தால் ரிச், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் லீன், டீ நிறத்தில் இருந்தால் சரி. "கார்புரேட்டர் போச்சுன்னு வர்ற வண்டியில பாதிக்கு பாயின்ட்டுதான் போயிருக்கும்" என்பது அவர் கணக்கு. மீதியிலும் பல வண்டிகளுக்கு வேலை ஒரு ஸ்பூன் எண்ணெயோடு முடியும். எஸ்.யூ.வின் தலையில் ஒரு மூடி இருக்கிறது, அதற்குக் கீழே டேம்பர். அங்கே மெல்லிய ஆயில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழுந்துவிடாமல் பிடிப்பது அந்த எண்ணெய்தான். அது வறண்டு போனால் வண்டி மிதித்ததும் திக்கும். எண்ணெய் ஊற்றாமல் கார்புரேட்டரையே மாற்றச் சொன்ன கதைகள் எல்லாம் அவரிடம் உண்டு.

கழற்றிச் சுத்தம் பண்ணும்போது இரண்டு விஷயத்தில் கண்டிப்பு. ஜெட்டின் துளையில் கம்பி விடக்கூடாது. பித்தளை, துளை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும். பிஸ்டனுக்கு எமரி தாள் போடக்கூடாது. அதுவும் மேலே உள்ள குல்லாவும் ஜோடியாகச் செய்தவை, ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றின் குல்லாவில் போடவும் கூடாது. மாட்டியபின் பிஸ்டனை விரலால் தூக்கி விடுவார். 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். மெத்தென்று விழுந்தால் ஜெட் நடுவில் இல்லை, ஊசி உரசுகிறது. மறுபடி கழற்று!

மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். பித்தளை மிதவையாக இருந்து உள்ளே பெட்ரோல் சலசலத்தால், அதைச் சுடுதண்ணீரில் அமுக்குவார். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஈயம் வைத்து அடைப்பார். அடைத்துவிட்டு, "கனம் கூடிப் போச்சு, லெவல் மாறும்" என்று மறுபடி அளந்து வைப்பார். மிதக்கும் பொருள், எடை, இடம்பெயர்ந்த திரவம் என்று நாம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் எழுதுவது இதுதானே? ஆர்க்கிமிடீஸ் பெயரே அவருக்குத் தெரியாது.

கடைசியாகத்தான் அட்ஜஸ்ட்மென்ட். வண்டியை நன்றாகச் சூடாக ஓட விட்டு, ஜெட்டின் அடியில் இருக்கும் அறுகோண நட்டை ஒரு பட்டை, ஒரு பட்டையாகத் திருப்புவார். கீழே இறக்கினால் ரிச், மேலே ஏற்றினால் லீன். பிறகு பிஸ்டனைக் கால் நூல் தூக்கிக் காது கொடுப்பார். (ஒரு நூல் என்றால் 1/8 அங்குலம், கால் நூல் 1/32. இங்கிலீஷ் கையேட்டிலும் அதே 1/32 அங்குலம்தான்!) தூக்கியதும் எஞ்சின் வேகம் எகிறி அப்படியே நின்றால் ரிச். தடுமாறி நின்றுவிடப் பார்த்தால் லீன். லேசாக ஏறி, உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி.

ஒரு நாள் அந்தக் கையேட்டுப் பக்கத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "இதெல்லாம் நாப்பது வருஷமா பண்றேன் தம்பி. ஆனா தூக்கினா ஏன் எகிறுதுன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருந்தது. பிஸ்டனைத் தூக்கினால் காற்று வழி பெரிதாகிறது, ஜெட்டின் மேல் உறிஞ்சல் குறைகிறது, அதனால் அந்த நொடியில் கலவை லீன் ஆகிறது. ஏற்கெனவே ரிச்சாக இருந்தால் அது சரியான இடத்தை நோக்கி வருகிறது, வேகம் ஏறுகிறது. ஏற்கெனவே லீன் என்றால் இன்னும் வறண்டு அணைகிறது. பவருக்கும் கலவை விகிதத்துக்கும் நாம் கிராஃப் போடுவோமே, 12, 13-க்குப் பக்கத்தில் மேடு மாதிரி வருமே, அதைத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். மேட்டுக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்றுதான் அண்ணே தூக்கிப் பார்க்கிறீங்க என்றேன். குனிந்து அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று சாயங்காலம் வேறொரு வண்டிக்காரரிடம், "மேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது வண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். படித்தது இன்னொரு பெரியவருக்குப் பயன்பட்டதை அன்றுதான் பார்த்தேன். அதனால்தான் கோபமும் வருகிறது. 'எப்படி' என்பது பட்டறையில் இருக்கிறது, 'ஏன்' என்பது நம் வகுப்பில் இருக்கிறது, நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர். அவர் பிள்ளை இந்த வேலைக்கு வரவில்லை. அவர் காதில் இருப்பதை எந்த நோட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

பிரீமியர் பத்மினி, கடைசிக் கால பெட்ரோல் அம்பாசடர் இவற்றில் சொலெக்ஸ். அதில் இடுப்பு மாறாது, ஜெட்டுகள் தனித்தனி. மெயின் ஜெட்டின் மேலேயே துளையின் அளவு எண்ணாகப் பொறித்திருக்கும், 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். அதைப் பற்றி எழுதினால் மலரில் வேறு யாருக்கும் பக்கம் மிஞ்சாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது இந்த வருஷத்துக் காரணம். பங்கில் நாம் போடுகிற பெட்ரோலில் 2025 முதல் 20 சதவீதம் எத்தனால். கரும்பு, மக்காச்சோளம் மட்டுமில்லை, அரிசியிலிருந்தும் காய்ச்சுகிறார்கள். (டெல்டாக்காரனுக்கு இதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை, அது தனிக் கட்டுரை.) சுத்த பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இருபது சதவீதக் கலப்புக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 13.5 வருகிறது. எஃப்.ஐ. வண்டியில் ஆக்சிஜன் சென்சார் மோப்பம் பிடித்து ஈ.சி.யு. சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. பழைய செட்டிங்கிலேயே விட்டால் வண்டி லீனாக ஓடும், சூடாகும், மிதித்தால் வெடிக்கும். நட்டை ஒரு பட்டையோ இரண்டு பட்டையோ யாராவது இறக்க வேண்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி அடைமழையில் ஒரு மாசம் ஷெட்டில் கிடந்த காரின் மிதவை அறையைத் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிக்கும், அது பக்கத்தில் சூடான எஞ்சின், விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவனுக்கும் இதே பிரச்சினைதான். ஆக, செத்த சாமான் என்று சொன்னதற்குப் புது வேலை வந்திருக்கிறது. செய்யத் தெரிந்தவர்கள்தான் குறைகிறார்கள்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரில் கார் மியூசியமே இருக்கிறது. அவர் கதை தெரிந்ததுதான். பள்ளிப் படிப்பை விட்டவர், ஓட்டல் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் கழற்றி மாட்டியவர். பின்னாளில் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கிற்கு முதல்வராகவும் இருந்தார். படிப்பின் காலத்தை இழுப்பது வீண், பாதி வருஷத்தில் முடிக்கலாம் என்று வாதாடி, கேட்கப்படாமல் வெளியேறினார். பாலிடெக்னிக் என்ற சொல்லைச் சொல்லும் நாம் இதை நினைவில் வைத்திருக்கலாம்.

என் கோரிக்கை பெரியது இல்லை. பாடத்திட்டத்தை மாற்று என்று கோஷம் போடவில்லை. அது நம் கையில் இல்லை. லேத் ஷாப் மட்டும் நம் கையில் இருக்கிறது. செமஸ்டருக்குச் செமஸ்டர் எம்.எஸ். ராடில் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங் போட்டு, அளவு பார்த்து, மார்க் வாங்கி, அதைக் கொண்டுபோய் ஸ்கிராப்பில் கொட்டுகிறோம். பழைய கார்புரேட்டர்களில் திராட்டில் ஸ்பிண்டில் ஓடும் துளை தேய்ந்து, பக்கவாட்டில் காற்று வாங்கும். அப்புறம் நட்டை எத்தனை பட்டை திருப்பினாலும் ஐட்லிங் நிற்காது. ஸ்பிண்டில் முனையில் இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் பாருங்கள், எஞ்சின் சத்தம் மாறினால் காற்று அங்கேதான் போகிறது. இதற்கு மருந்து, துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி ஒரு கன்மெட்டல் புஷ் கடைந்து அடிப்பது. பட்டறையில் லேத் கிடையாது. நம்மிடம் வரிசையாக நிற்கிறது. அதே அளவு, அதே டாலரன்ஸ், அதே மைக்ரோமீட்டர், கடைந்த பொருள் மட்டும் ஒரு வண்டிக்குள் போய் உட்காரும். புஷ் லூசாக இருந்தால் மார்க் குறைவதோடு நிற்காது, வண்டியே சொல்லிக் கொடுத்துவிடும்.

ஸ்டோர் ரூமில் இரண்டு கார்புரேட்டர்கள் தூசியோடு கிடக்கின்றன. ஒன்று எஸ்.யூ., ஒன்று சொலெக்ஸ். இன்சார்ஜ் சாரிடம் கேட்டேன், எழுதிக் கொடுத்தால் தருவதாகச் சொன்னார். மேஸ்திரியிடமும் கேட்டுவிட்டேன். மாசத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் வருகிறேன் என்றார். காசு வேண்டாம் என்கிறார்; போக வர பஸ் காசும் ஒரு சாப்பாடும் நாம் கொடுத்தாக வேண்டும் என்பது என் கட்சி. "காலேஜுக்குள்ள விடுவாங்களா தம்பி?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். புது மாணவர் மன்ற நிர்வாகிகள் முதல்வரைப் பார்த்து அந்த அனுமதியை எழுத்தில் வாங்கித் தர வேண்டும். வெறும் பார்வையாளர் என்று போடாமல், பயிற்றுநர் என்று போட்டு வாங்கித் தாருங்கள்.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் இரண்டு பிரிவிலும் சேர்த்து முதலில் பத்துப் பேர் போதும். பெண்கள் பெயர் கொடுத்தால் இன்னும் நல்லது; எங்கள் வகுப்பில் மைக்ரோமீட்டரைச் சரியாகப் படிப்பது அவர்கள்தான். கேஸ்கட் ஷீட் ஒன்று, பழைய பனியன் துணி, கழுவுவதற்கு ஒரு லிட்டர் பெட்ரோல், பக்கத்தில் மணல் வாளி. பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.